இந்தியாவின் சிறப்பு உலோக இறக்குமதி: எண்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டங்ஸ்டன் என்றால் பல்புக்குள் இருக்கும் கம்பி என்ற அளவில்தான் நம்மில் பலருக்குத் தெரிந்திருந்தது. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் உள்ள நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் எடுத்ததாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. அரிட்டாபட்டி மக்கள் போராடினார்கள், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சரி, நம் நாட்டுக்கு டங்ஸ்டன் எங்கிருந்துதான் வருகிறது? எவ்வளவு வருகிறது? கூடிக்கொண்டு போகிறதா, குறைகிறதா?

கேள்வி எளிது. பதில் தேடி அரசு அட்டவணைகளைத் திறந்தால்தான் குழப்பம் ஆரம்பிக்கும். இரும்பு, அலுமினியம் போல டங்ஸ்டன், கோபால்ட், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகங்கள் ஒரே வரியில் உட்கார்ந்திருப்பதில்லை. தாதுவாக, உப்பாக, பவுடராக, கம்பியாக, வெட்டும் கருவியின் நுனியாக, காந்தமாக, மோட்டாருக்குள் ஒளிந்த காந்தமாக என்று ஒரே உலோகம் பல உருவங்களில் துறைமுகத்தில் இறங்குகிறது. உலோகத்தின் பெயர் போட்ட வரியை மட்டும் பார்த்து 'இறக்குமதி குறைந்துவிட்டது' என்று எழுதப்படும் கட்டுரைகளை நம்ப முடியாததற்கு இதுதான் காரணம்.

பொது மக்களுக்குத் திறந்திருக்கும் தரவுகளை வைத்தே இந்தக் கேள்விக்கு ஓரளவு நம்பகமான பதிலைக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் டங்ஸ்டனையே எடுத்துக்கொள்கிறேன். முறை மற்ற உலோகங்களுக்கும் பொருந்தும்.

படி 1: எந்த உலோகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'சிறப்பு உலோகங்கள்' என்று மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. மெக்னீசியம் ஆயிரக்கணக்கான டன் வரும், ஜெர்மேனியம் கிலோ கணக்கில் வரும். இரண்டையும் கூட்டினால் வரும் எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. ஒரு நேரத்தில் ஓர் உலோகம் போதும்.

தேர்வுக்கு ஒரு கைப்பிடி வேண்டுமென்றால், மத்திய சுரங்க அமைச்சகம் 2023 ஜூனில் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை எடுங்கள். டங்ஸ்டன், மாலிப்டினம், கோபால்ட், டைட்டானியம், டான்டலம், நியோபியம், வனேடியம், ஆன்டிமனி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலே எல்லை என்று நினைக்க வேண்டாம். மெக்னீசியம் அதில் இல்லை. உலக மெக்னீசியத்தில் 85 சதவீதம் அளவுக்குச் சீனாவிலிருந்து வருகிறது. 2021 செப்டம்பரில் ஷான்சி மாகாணத்தின் யூலின் பகுதியில் மின்சாரக் கட்டுப்பாட்டுக்காக மெக்னீசிய உலைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தச் சொன்னார்கள். சில வாரங்களில் விலை மடங்கு மடங்காக ஏறி, ஐரோப்பியக் கார் தொழிலே அலறியது. பட்டியலில் இல்லாத ஒன்றும் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். சேலத்து வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், சுங்க அட்டவணையில் 2519. அது பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்குப் போகிறது. மெக்னீசிய உலோகம் 8104. சேலத்தில் வெள்ளைக்கல் கிடைக்கிறது என்பதால் நம்மிடம் மெக்னீசியம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

படி 2: உலோகத்தின் பாதையைக் குறியீடுகளாக எழுதுங்கள்

முழு வேலையின் உயிரும் இதில்தான் இருக்கிறது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

உலக நாடுகள் இறக்குமதிப் பொருள்களை எச்.எஸ். குறியீடு என்ற எண் முறையில் வகைப்படுத்துகின்றன. முதல் 6 இலக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்று, இந்தியா அதற்கு மேல் 2 இலக்கம் சேர்த்து 8 ஆக்கிக்கொள்கிறது. சிறப்பு உலோகங்களின் வீடு 81ஆம் அத்தியாயம். டங்ஸ்டன் 8101, மாலிப்டினம் 8102, டான்டலம் 8103, மெக்னீசியம் 8104, கோபால்ட் 8105, பிஸ்மத் 8106, டைட்டானியம் 8108, சிர்கோனியம் 8109, ஆன்டிமனி 8110, மாங்கனீஸ் 8111. மிச்சம் மீதி எல்லாம் 8112இல்: பெரிலியம், குரோமியம், காலியம், ஜெர்மேனியம், இண்டியம், நியோபியம், வனேடியம், ஹாஃப்னியம், ரீனியம். இதில் காலியம், ஜெர்மேனியம், இண்டியம், நியோபியம், வனேடியம் ஆகியவற்றின் கட்டியும் பவுடரும் 8112.92 என்ற ஒரே 6 இலக்கத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்க 8 இலக்கம் வரை போக வேண்டும்.

பெரும்பாலான கட்டுரைகள் 81ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகின்றன. நீங்கள் நிற்க வேண்டாம். டங்ஸ்டனின் பாதையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்:

2611: டங்ஸ்டன் தாதுவும் செறிவூட்டிய தாதுவும். உல்ஃப்ரமைட், ஷீலைட் இங்கே வரும்.
2841.80: டங்ஸ்டேட் உப்புகள். தொழிலில் ஏ.பி.டி. என்று சொல்லும் அம்மோனியம் பாராடங்ஸ்டேட் இதில்தான். உலகச் சந்தையில் டங்ஸ்டன் விலை என்றால் பெரும்பாலும் ஏ.பி.டி. விலையைத்தான் சொல்கிறார்கள்.
8101.10: டங்ஸ்டன் பவுடர்.
8101.94: கட்டி, சின்டர் செய்த (பவுடரை அழுத்திச் சூடாக்கி இறுக்கிய) கம்பி. 8101.96: மெல்லிய வயர்.
8101.97: ஸ்கிராப்.
2849.90: கார்பைடுகள், அதாவது கார்பனோடு சேர்ந்த மிகக் கடினமான சேர்மங்கள். டங்ஸ்டன் கார்பைடு பவுடர் இங்கே மற்ற கார்பைடுகளோடு கலந்து வரும். 8 இலக்கத்தில் பிரித்துப் பார்க்கவும்.
7202.80: எஃகு ஆலைகள் வாங்கும் ஃபெர்ரோ டங்ஸ்டன், அதாவது இரும்பு கலந்த டங்ஸ்டன்.
8209: வெட்டும் கருவிகளுக்கான கார்பைடு டிப், தகடு, இன்சர்ட்.

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தளவு முக்கோண டிப் ஒன்றைக் கையில் வாங்கினால், அளவுக்குச் சம்பந்தமே இல்லாத கனம் தெரியும். டங்ஸ்டனின் அடர்த்தி இரும்பைப் போல இரண்டரை மடங்கு. அந்த டிப்பின் எடையில் பெரும்பகுதி டங்ஸ்டன், ஒட்டுப் பசையாகக் கொஞ்சம் கோபால்ட். முனை மழுங்கியதும் அதைத் தூக்கி எறிவதில்லை, தனி டப்பாவில் போட்டு வைத்து, கிலோ கணக்கில் விற்றுவிடுவார்கள். இரும்பு ஸ்கிராப் விலையோடு அதை ஒப்பிடவே முடியாது. அந்த டிப் வெளிநாட்டில் செய்யப்பட்டு வந்ததென்றால், அதிலுள்ள டங்ஸ்டன் 8101 வரியில் ஒரு கிராம்கூடத் தெரியாது. 8209இல்தான் தெரியும்.

சில உலோகங்களில் நிலைமை இன்னும் விசித்திரம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் ஒடிசாவின் சத்ரபூரிலும் இல்மனைட் மணல் அள்ளுகிறோம். டைட்டானியத் தாது (2614) நம்மிடம் தாராளம். ஆனால் அந்த மணலைக் கடற்பஞ்சு போன்ற டைட்டானிய ஸ்பாஞ்சாக மாற்றும் ஆலை, சவராவில் கேரள அரசின் கே.எம்.எம்.எல். நிறுவனம் 2011இல் தொடங்கிய, ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஆலைதான். அந்த ஸ்பாஞ்சு செய்யவே மெக்னீசியம் வேண்டும். தாது ஏற்றுமதியையும் 8108 இறக்குமதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இந்தக் கதை புரியும்.

நியோபியம் இன்னொரு மாதிரி. அதை உலோகமாகத் தேடினால் சொற்பம். உயர்வலிமை எஃகுக்காக ஃபெர்ரோ நியோபியமாகத்தான் (7202.93) வாங்குகிறோம். உலக உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்கு பிரேசிலிலிருந்து வருகிறது.

படி 3: தரவை இறக்குங்கள்

இந்தியாவுக்கு மூல ஊற்று கொல்கத்தாவில் உள்ள வணிகப் புலனாய்வு மற்றும் புள்ளியியல் தலைமை இயக்குநரகம். அங்கே தொகுக்கும் எண்களை வணிக அமைச்சகத்தின் டிரேட்ஸ்டாட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பொருள்வாரியாக, நாடுவாரியாக, ஆண்டுக்கும் மாதத்துக்கும் கிடைக்கும். 8 இலக்கக் குறியீடு கொடுத்து, மதிப்பு, அளவு இரண்டையும் தனித்தனியாக எடுங்கள். அளவை எடுக்க மறந்தால் பாதி வேலை வீண்.

உலக ஒப்பீட்டுக்கு ஐ.நா.வின் வணிகத் தரவுத் தளமான காம்ட்ரேட், 6 இலக்கம் வரை. உலக உற்பத்திக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் வெளியிடும் கனிமச் சுருக்கங்கள். ஒவ்வொரு கனிமத்துக்கும் இரண்டே பக்கம், தெளிவாக இருக்கும். உள்நாட்டு நிலவரத்துக்கு நாக்பூரில் உள்ள இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆண்டு நூல். அது தாமதமாக வரும், ஆனால் எந்த ஆலை என்ன செய்கிறது என்ற விவரம் வேறெங்கும் இப்படி ஒன்றாகக் கிடைக்காது.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. டிரேட்ஸ்டாட்டின் 2024-25 என்பது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. காம்ட்ரேடில் நாள்காட்டி ஆண்டும் கிடைக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு வித்தியாசத்தை ஆராய்பவர்கள் உண்டு. அப்புறம், அண்மை மாத எண்கள் தற்காலிகமானவை, பின்னால் திருத்தப்படும். எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

குறியீடுகளும் மாறும். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் காட்மியத்தின் 8107 என்ற தலைப்பே போய், அது 8112க்குள் சேர்க்கப்பட்டது. பழைய குறியீட்டை வைத்தே வரைந்தால் காட்மிய இறக்குமதி திடீரென்று சுழியம் ஆகிவிட்டது போலத் தெரியும். அடுத்த பெரிய திருத்தம் 2028 ஜனவரியில் வருகிறது.

படி 4: ஸ்கிராப்பைத் தனியே வையுங்கள், உள்ளே உள்ள உலோகத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு டன் தாதுவும் ஒரு டன் பவுடரும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் உள்ளிருக்கும் உலோக எடைக்கு மாற்றினால்தான் கூட்ட முடியும். டங்ஸ்டனுக்குத் தோராயமான விகிதங்கள் இவை: 65 சதவீத ஆக்சைடு உள்ள செறிவூட்டிய தாதுவில் உலோகம் பாதிக்குச் சற்று மேல். ஏ.பி.டி.யில் சுமார் 70 சதவீதம். ஃபெர்ரோ டங்ஸ்டனில் 75 முதல் 80. கார்பைடு பவுடரில் 94 சதவீதத்தை ஒட்டி. கோபால்ட் சேர்த்த டிப்பில் 85 என்று வைத்துக்கொள்ளலாம், ரகத்துக்கு ரகம் மாறும்.

இதன் பலன் எப்படி இருக்கும் என்று பார்க்க, கற்பனையான எண்களை வைத்து ஒரு கணக்கு. ஒரு நாடு முதல் ஆண்டில் 200 டன் ஏ.பி.டி., 300 டன் உலோகப் பவுடர், 100 டன் டிப் வாங்குகிறது. உள்ளே உள்ள டங்ஸ்டன்: 140, 300, 85. மொத்தம் 525 டன். மூன்றாம் ஆண்டில் ஏ.பி.டி. 50, பவுடர் 250, டிப் 300. டங்ஸ்டன்: 35, 250, 255. மொத்தம் 540 டன்.

8101 வரியை மட்டும் பார்த்தவர் '300 டன்னிலிருந்து 250 டன்னுக்கு இறங்கிவிட்டது, 17 சதவீதம் குறைவு' என்று எழுதுவார். உண்மையில் டங்ஸ்டன் தேவை 3 சதவீதம் கூடியிருக்கிறது. அதைவிட முக்கியம், உள்நாட்டில் நடந்துகொண்டிருந்த பதப்படுத்தும் வேலை வெளிநாட்டுக்குப் போய்விட்டது. சார்பு குறையவில்லை, ஒரு படி மேலே ஏறியிருக்கிறது.

நாயக்கர்பட்டி விவகாரத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தாதுச் சுரங்கம் ஒன்று அட்டவணையின் 2611 வரியைத்தான் நேரடியாகத் தொடும். தாதுவை ஏ.பி.டி. ஆக்கவும், அதைப் பவுடர் ஆக்கவும், பவுடரை டிப் ஆக்கவும் தனித்தனி ஆலைகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் 8209 வரி அசையாது.

ஸ்கிராப்பை ஏன் தனியே வைக்க வேண்டும் என்றால், அதன் இறக்குமதி கூடுவது கெட்ட செய்தி இல்லை. பழைய டிப்பிலிருந்து டங்ஸ்டனை மீட்கும் தொழில் உள்நாட்டில் வளர்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். மத்திய அரசும் இதை ஊக்குவிக்கிறது. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் கோபால்ட் பவுடர், கோபால்ட் கழிவு, லித்தியம் அயனி பேட்டரிக் கழிவு உள்ளிட்டவற்றுக்கு அடிப்படைச் சுங்க வரி முழுதாக நீக்கப்பட்டது.

படி 5: ரூபாய் உயர்வை மூன்றாக உடையுங்கள்

'இறக்குமதி 50 சதவீதம் உயர்ந்தது' என்ற தலைப்பைப் பார்த்தால் உடனே கேட்க வேண்டியது: எதில்? ரூபாயிலா, டாலரிலா, டன்னிலா?

2021-22இல் ஒரு டாலர் சராசரியாக 74 ரூபாய் 50 காசு அளவில் இருந்தது. 2024-25இல் 84 ரூபாய் 50 காசு அளவு. எதுவுமே மாறாமல் அதே பொருளை அதே டாலர் விலைக்கு வாங்கியிருந்தாலும் ரூபாய்க் கணக்கு 13 சதவீதம் ஏறியிருக்கும்.

மறுபடியும் கற்பனை எண்கள். ஓர் உலோகத்தின் இறக்குமதி 2021-22இல் 100 கோடி ரூபாய், 400 டன். 2024-25இல் 150 கோடி ரூபாய், 420 டன். டாலரில் பார்த்தால் 1 கோடியே 34 லட்சத்திலிருந்து 1 கோடியே 77 லட்சம். டன் விலை சுமார் 33,560 டாலரிலிருந்து 42,270 டாலர். ஆக, அந்த 50 சதவீத உயர்வில் ரூபாய்ச் சரிவு 13, விலை ஏற்றம் 26, உண்மையில் கூடிய அளவு வெறும் 5 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் (1.13 × 1.26 × 1.05) ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வரும்.

எக்செல்லில் இதற்கு மூன்று பத்தி போதும். எனக்கு ரூபாய்ப் பத்தியைக் கடைசியில்தான் திறக்கப் பிடிக்கும். முதலில் டன், பிறகு டாலர், அப்புறம்தான் ரூபாய்.

டன் விலை திடீரென்று மாறினால் உடனே சந்தை விலை மாறியது என்று முடிவு கட்டாதீர்கள். கலவை மாறியிருக்கலாம். கட்டி வாங்கிய இடத்தில் மெல்லிய வயர் வாங்கினால் சராசரி விலை பல மடங்கு ஏறும். டைட்டானியத்தில் வேதியியல் ஆலைக் குழாய்க்கான சாதாரண ரகமும் விமானத்துக்கான கலப்புலோகமும் 8108.90 என்ற ஒரே குறியீட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் 8 இலக்கத்துக்கு இறங்கச் சொல்கிறேன்.

படி 6: உலகச் சந்தை விலையோடு ஒத்துப் பாருங்கள்

நீங்கள் கணக்கிட்ட டன் விலை சந்தையோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் கட்டம் இது. இதில் தடுக்கி விழ வைப்பது அலகுகள். மாலிப்டினமும் கோபால்ட்டும் பவுண்டு கணக்கில் பேசப்படும். ஜெர்மேனியமும் காலியமும் கிலோவில். டங்ஸ்டனுக்குத் தனி அலகு: மெட்ரிக் டன் யூனிட். அதாவது 10 கிலோ டங்ஸ்டன் ஆக்சைடு. அதில் உலோகம் 7.93 கிலோ.

ஏ.பி.டி. விலை 340 டாலர் என்றால் அது டன்னுக்கு அல்ல, இந்த யூனிட்டுக்கு. 340ஐ 7.93ஆல் வகுத்தால் ஒரு கிலோ டங்ஸ்டன் ஏறத்தாழ 43 டாலர். உங்கள் அட்டவணையில் ஏ.பி.டி. கிலோவுக்கு 30 டாலர் வந்திருந்தால், அதில் 70 சதவீதம்தான் உலோகம் என்பதால் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. 3 டாலர் என்றோ 300 டாலர் என்றோ வந்தால் எங்கோ அலகு தவறியிருக்கிறது, அல்லது குறியீடு தவறியிருக்கிறது.

340 டாலரை ஒட்டிய விலை 2025இன் தொடக்கத்தில் இருந்தது. ஆண்டு முடிவதற்குள் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. காரணம் அடுத்த படிகளில் வரும்.

படி 7: எந்த நாடு?

நாடுவாரிப் பங்கைப் பார்க்கும்போது மதிப்பில் ஒரு தடவை, அளவில் ஒரு தடவை எடுங்கள். இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். நிரந்தரக் காந்தங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு வெளியிட்ட கணக்குப்படி 2022-23 முதல் 2024-25 வரை இந்தியாவின் இறக்குமதியில் சீனாவின் பங்கு மதிப்பில் 59.6 முதல் 81.3 சதவீதம், அளவில் 84.8 முதல் 90.4 சதவீதம். விலை மலிவான, அதிக எடையுள்ள சரக்கு சீனாவிலிருந்து வருகிறது, விலை கூடிய கொஞ்சம் சரக்கு மற்ற நாடுகளிலிருந்து வருகிறது என்று இதற்குப் பொருள். மதிப்பை மட்டும் பார்த்தவருக்குச் சார்பு குறைவாகத் தெரியும். தொழிற்சாலை நிற்குமா என்ற கேள்விக்கு அளவுதான் பதில் சொல்லும்.

இங்கே இன்னொரு நுணுக்கம். உலோகக் காந்தங்களின் குறியீடு 8505.11. அருமண் (ரேர் எர்த்) காந்தமும், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய அல்னிகோ காந்தமும் அதில் ஒன்றாக வரும். ஃபெரைட் காந்தம் 8505.19. காந்தம் பொருத்திய மோட்டாராக வந்தால் 8501. அருமண் உலோகம் 2805.30, அதன் சேர்மங்கள் 2846. படி 2 சும்மா சொல்லப்படவில்லை.

விற்ற நாடும் விளைந்த நாடும் வேறாக இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். ராட்டர்டாம், சிங்கப்பூர், ஹாங்காங், துபாய் வழியாகச் சிறப்பு உலோகங்கள் கைமாறுகின்றன. ஒரு கிராம் டங்ஸ்டன்கூடத் தோண்டாத நாடு பட்டியலில் மேலே நின்றால், அது கிடங்கு என்று புரிந்துகொள்ளுங்கள்.

உறுதி செய்ய எதிர்ப்பக்கக் கணக்கை எடுங்கள். 'சீனாவிலிருந்து இவ்வளவு வாங்கினோம்' என்று இந்தியா சொல்வதும், 'இந்தியாவுக்கு இவ்வளவு விற்றோம்' என்று சீனச் சுங்கத் துறை சொல்வதும் காம்ட்ரேடில் கிடைக்கும். இறக்குமதியில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கும், ஏற்றுமதியில் இருக்காது. விலை உயர்ந்த உலோகத்துக்கு அந்த வித்தியாசம் சில சதவீதம்தான் வரும். டன் கணக்கிலேயே பெரிய இடைவெளி இருந்தால் ஒன்று சரக்கு மூன்றாம் நாடு வழியாக வந்திருக்கிறது, அல்லது இரு பக்கமும் வேறு குறியீட்டில் பதிந்திருக்கிறார்கள்.

ஒரு சிறு அளவுகோலும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாட்டின் பங்கையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். 70, 15, 10, 5 என்று இருந்தால் 4900 + 225 + 100 + 25 = 5250. ஒரே நாடு என்றால் 10,000. ஆண்டுக்கு ஆண்டு இந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் சார்பு எந்தத் திசையில் போகிறது என்று தெரியும்.

படி 8: தேதிகளை வரைபடத்தில் குத்துங்கள்

அட்டவணையில் ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் சுருண்டு விழும். பாதி நேரம் அதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்காது. இந்த உலோகங்கள் கன்டெய்னர் கணக்கில் வருகின்றன. கட்டியாக வைத்தால் 20 டன் டங்ஸ்டன் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல்தான். ஒரு பெட்டி மார்ச் 31க்குப் பதில் ஏப்ரல் 2 அன்று இறங்கினால் நிதியாண்டின் கணக்கே மாறும். அதனால் மாத எண்ணை நேரடியாக வரையாமல், கடந்த 12 மாதக் கூட்டுத்தொகையை மாதந்தோறும் நகர்த்தி வரையுங்கள்.

மீதிப் பாதிக்குக் காரணம் அரசாணைகள். அண்மை ஆண்டுகளுக்குக் குறித்து வைக்க வேண்டிய தேதிகள் இவை.

2023 ஆகஸ்ட் 1: காலியம், ஜெர்மேனியம் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியது. ஜூலை தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டதால் அந்த மாதம் வாங்குபவர்கள் அள்ளிக்கொண்டார்கள். ஆகஸ்டில் சீனச் சுங்கக் கணக்கில் இரண்டின் ஏற்றுமதியும் சுழியம். இந்த வடிவத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: அறிவிப்புக்குப் பின் மேடு, அமலுக்கு வந்ததும் பள்ளம், பிறகு மெதுவான மீட்சி. மேட்டை மட்டும் பார்த்துத் தேவை கூடிவிட்டது என்றோ பள்ளத்தை மட்டும் பார்த்துத் தொழில் படுத்துவிட்டது என்றோ சொல்லக் கூடாது.

2024 ஜூலை 23: இந்திய நிதிநிலை அறிக்கையில் 25 முக்கியக் கனிமங்களுக்கு அடிப்படைச் சுங்க வரி விலக்கு. வரி இறங்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இருந்தால் முந்தைய வாரங்களில் சரக்கு துறைமுகக் கிடங்கில் காத்திருக்கும்.

2024 செப்டம்பர் 15: ஆன்டிமனிக்குச் சீனக் கட்டுப்பாடு.

2025 பிப்ரவரி 4: டங்ஸ்டன், டெலூரியம், பிஸ்மத், மாலிப்டினம், இண்டியம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்குச் சீனாவின் உரிம முறை. தடை அல்ல, ஆனால் ஏ.பி.டி. போன்ற சரக்குகள் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. மேலே சொன்ன டங்ஸ்டன் விலை ஏற்றத்தின் பின்னால் இது இருக்கிறது. உலகச் சுரங்க உற்பத்தியில் சீனாவின் பங்கு 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது வேறு என்ன நடக்கும்?

2025 பிப்ரவரி 22: கோபால்ட் ஏற்றுமதியைக் காங்கோ ஜனநாயகக் குடியரசு நிறுத்தியது. அக்டோபர் நடுவில் ஒதுக்கீட்டு முறையாக மாற்றியது. அதுவரை அடிமட்டத்தில் கிடந்த விலை எழுந்தது. எல்லாவற்றுக்கும் சீனாவையே காரணம் காட்டும் பழக்கத்துக்கு இது ஒரு மறுப்பு.

2025 ஏப்ரல் 4: சமாரியம், டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட 7 அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் சீனக் கட்டுப்பாடு. இந்திய வாகனத் தொழிலை நேரடியாக உலுக்கிய தேதி இது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்க 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 8505.11 வரியில் இதன் விளைவைத் தேட அவசரப்பட வேண்டாம், ஆலை எழும்ப ஆண்டுகள் ஆகும். அதற்கு முன்னால் 2805.30, 2846 வரிகளில் அசைவு தெரியலாம். காந்தம் உள்நாட்டில் செய்தால் அதற்கான மூலப்பொருள் எங்கிருந்தாவது வர வேண்டும் அல்லவா?

படி 9: கண்டதை எழுதும்போது

எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: எந்தக் குறியீடு, எந்தக் காலம், டன்னா டாலரா, எந்தத் தேதியில் எடுத்த தரவு. 'டங்ஸ்டன் இறக்குமதி உயர்ந்தது' என்பதைவிட '8209 குறியீட்டில் 2024-25இல் டன் அளவு உயர்ந்தது, 8101.10இல் குறைந்தது' என்பது வாசிக்கக் கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் படிப்பவர் நீங்கள் சொன்னதைத் தானே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

மூன்று ஆண்டுக்குக் குறைவான எண்களை வைத்துப் போக்கு என்ற சொல்லையே பயன்படுத்தாதீர்கள். 2020-21ஐத் தொடக்கப் புள்ளியாக வைப்பதையும் தவிருங்கள். பெருந்தொற்றுக் காலப் பள்ளத்திலிருந்து அளந்தால் எதுவும் வானளாவத் தெரியும். 2018-19இலிருந்து தொடங்கினால் பள்ளத்தின் இரு பக்கமும் கிடைக்கும்.

கோப்பைப் புதுப்பிக்க ஆண்டுக்கு இரண்டு தடவை போதும். ஜூனில் ஒரு தடவை, மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் எண்கள் ஓரளவு வந்திருக்கும். பிப்ரவரியில் ஒரு தடவை, அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் சுருக்கமும் நம் நிதிநிலை அறிக்கையின் வரி மாற்றங்களும் கையில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் முந்தைய ஆண்டின் எண்களையும் சேர்த்தே மறுபடி இறக்கி, பழைய கோப்போடு ஒப்பிட்டு, திருத்தப்பட்ட கட்டங்களுக்கு மஞ்சள் பூசிக்கொள்ளுங்கள்.